மிதிவண்டியில் ஒரு வரலாற்றுப் பயிற்சி முகாம்

வரலாற்றுப் பயணம் என்றால் எங்கள் குழுவினருக்கு இதுநாள்வரை ஒரே ஒரு பொருள்தான். விடியற்காலையில் ஒரு வாடகை வேன், அதனுள் எட்டுப் பேர், பத்துப் பேருக்கான சிற்றுண்டி, மாலைக்குள் ஐந்து கோயில்கள். ஊர் திரும்பியபின் எந்தக் கல்வெட்டை எந்தக் கோயிலில் பார்த்தோம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். இந்த வேகம் வரலாற்றுக்கு ஒவ்வாது என்று எங்கள் குழுவின் மூத்த நண்பர் நெடுநாளாகச் சொல்லி வந்தார். பொங்கல் விடுமுறையில் அவர் சொல் வென்றது. சிதம்பரத்திலிருந்து கங்கைகொண்டசோழபுரம் வழியாகத் தஞ்சைவரை மிதிவண்டியிலேயே செல்வது என்பது திட்டம். அதற்கு முன் கால்களைப் பழக்குவதற்காகக் கடலூர் மாவட்டத்திலேயே மூன்று நாள் பயிற்சி முகாம்.

எழுவர் கூடினோம். ஆனால் மிதிவண்டிகள் ஆறு. ஏழாமவரான எங்கள் தோழி ஒருவருக்கு மிதிவண்டி ஓட்டத் தெரியாது. சோழர் நிர்வாகம் குறித்து மூன்று மணி நேரம் இடைவிடாமல் பேசக்கூடியவர், இதைச் சொல்ல மட்டும் இரண்டு வாரம் தயங்கினார். "சிறு வயதில் வீட்டில் விடவில்லை; பிறகு வெட்கமாகிவிட்டது" என்றார். அவர் பேருந்தில் வந்து ஒவ்வோரிடத்திலும் எங்களுடன் சேர்ந்துகொள்வது என்று முடிவாயிற்று. அவரைப் பற்றிய பேச்சே இந்தக் கட்டுரையைத் திசைதிருப்பப் போகிறது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

முதல் நாள்: குண்டு விழுந்த எல்லை

கடலூரில் இட்டிலியும் வடகறியும் முடித்துக்கொண்டு தேவனாம்பட்டினம் கடற்கரையை அடைந்தபோது வெயில் ஏறவில்லை. கெடிலம் கடலோடு கலக்கும் இடத்தருகே, செடிகொடிகளுக்கு நடுவே சில செங்கல் சுவர்களாக எஞ்சி நிற்கிறது புனித டேவிட் கோட்டை. 1690இல் செஞ்சியிலிருந்த மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி இதை விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம் என்பதை அளந்த முறைதான் வியப்புக்குரியது. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுடுவது. குண்டு விழும் தொலைவுவரை உள்ள ஊர்களெல்லாம் கம்பெனிக்கு. அவ்வாறு அகப்பட்ட ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் நிலைத்தது.

1746இல் சென்னைப் பட்டினம் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது, சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடம் இங்கேதான் மாறியது. 1752வரை சென்னையை ஆண்டது கடலூரே என்று எங்கள் கடலூர் நண்பர் இன்றும் பெருமையோடு சொல்வார். 1756இல் இராபர்ட் கிளைவ் இதன் ஆளுநர். 1758இல் லாலி இதைக் கைப்பற்றி அழித்தார். எழுபது ஆண்டுகளுக்குள் முடிந்துபோன கதை.

பீரங்கிக் குண்டு எவ்வளவு தொலைவு சென்றிருக்கும் என்று நாங்கள் கணக்குப் போட முயன்றோம். குண்டு விழுந்த ஊரில் அன்று காலை உழுதுகொண்டிருந்தவனுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று கேட்டார் மூத்த நண்பர். முந்தின நாள்வரை ஓர் அரசின் குடி; ஓர் ஓசை கேட்டபின் இன்னோர் அரசின் குடி. எவரும் அவனைக் கேட்கவில்லை. அதன்பின் எவரும் கணக்குப் போடவில்லை.

திருப்பாதிரிப்புலியூரை விட்டுவிட்டுச் செல்ல மனம் வரவில்லை. கல்லோடு சேர்த்துக் கடலில் எறியப்பட்ட திருநாவுக்கரசர் கரையேறிய தலம் என்பது பெரியபுராண மரபு. எங்களைப் போன்றோருக்கு இன்னொரு காரணமும் உண்டு. புதுமைப்பித்தன் 1906இல் பிறந்தது இவ்வூரில்தான். திருநெல்வேலித் தமிழின் தனிக்குரல் பிறந்தது கெடிலக்கரையில் என்பதில் கடலூர் நண்பருக்கு அளவில்லாத மகிழ்ச்சி. "ஜெயகாந்தனும் எங்களவர்தான்" என்று சேர்த்துக்கொண்டார். அதுவும் உண்மைதான், 1934.

நெடுஞ்சாலையில் தெற்கே மிதிக்கத் தொடங்கினோம். புதுச்சத்திரம் தாண்டும்போது பேச்சு நின்றுபோய் மூச்சு மட்டும் கேட்டது. எதிர்க்காற்றில் ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்டி, முன்னால் செல்பவர் களைத்ததும் பின்னுக்கு வந்து அடுத்தவர் முன்னுக்குச் செல்லும் முறையை இங்கேதான் பழகினோம். முன் வண்டி காற்றைக் கிழித்துத் தந்தால் பின்னால் வருபவருக்கு மிதிப்பது எளிது. கூட்டமாகச் செல்லும்போதும் உழைப்பைச் சமமாகப் பங்கிடாவிட்டால் ஒருவர் மட்டும் வீழ்ந்துபோவார் என்பதை எங்கள் தொடைகள் அன்று கற்றுக்கொண்டன.

பி. முட்லூரில் கிழக்கே திரும்பினால் பரங்கிப்பேட்டை. போர்த்துகீசியர் 'புதிய துறைமுகம்' என்று பெயரிட்ட ஊர். மரக்காயர்களின் கப்பல் வணிகத்தால் செழித்த ஊர். வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் அமைந்தது. 1781 ஜூலை 1ஆம் நாள் இங்கேதான் ஐதர் அலியின் பெரும்படையும் ஐர் கூட்டின் சிறுபடையும் மோதின. கூட்டிடம் இருந்தவர்கள் ஏறத்தாழ எட்டாயிரம் பேர். ஐதரின் படை அதனினும் பன்மடங்கு பெரிது. ஆயினும் அன்று பின்வாங்கியது ஐதர்தான். ஐரோப்பியப் படைகளைத் தெற்கே முற்றிலும் அகற்றும் வாய்ப்பு அன்று நழுவியது என்று கருதுவோர் உண்டு.

எங்களை ஈர்த்தது போரைவிட இரும்புதான். ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கம்பெனி அலுவலர், வேலையை விட்டுவிட்டு 1830 வாக்கில் இவ்வூரில் ஓர் இரும்பாலை தொடங்கினார். சேலத்து இரும்புத் தாது, காட்டு மரத்தின் கரி, ஐரோப்பிய முறை உலை. இந்தியாவில் அம்முறையில் இரும்பு உருக்கிய முன்னோடி முயற்சிகளுள் இது ஒன்று. இங்கிருந்து சென்ற இரும்பு பிரிட்டனில் மெனாய் நீரிணையின் மேல் 1850இல் திறக்கப்பட்ட பிரிட்டானியா பாலத்திலும் பயன்பட்டது என்பர். எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு ஹீத் 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெப்பீல்டு ஆலைகள் அம்முறையால் செல்வம் சேர்த்தன. ஹீத்தோ வழக்காடி வழக்காடியே வறியவராக 1851இல் இறந்தார். கரிக்கான மரம் தொலைவுக்குத் தொலைவு அருகிப்போக, ஆலையும் 1860களில் மூடப்பட்டது.

எங்கள் வண்டிச் சட்டங்கள் எஃகுக் குழாயால் ஆனவை. அவற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு இந்தக் கதையைப் பேசியபடி பரங்கிப்பேட்டைப் பிரியாணியைச் சாப்பிட்டோம். இரும்பாலை எங்கே இருந்தது என்று கடைக்காரரிடம் கேட்டோம். "அப்படி ஒண்ணு இருந்துச்சா பாய்?" என்று அவர் எங்களையே திருப்பிக் கேட்டார். அவரைக் குறை சொல்ல வழியில்லை. நாங்களும் அங்கு வரும்வரை அதைப் பற்றிப் பேசியவர்கள் அல்லர்.

தில்லையில் இரவு

மாலை மங்கும்போது சிதம்பரத்தின் கோபுரங்கள் தெரிந்தன. நண்பரின் வீட்டில் எங்களுக்காகக் காத்திருந்தது சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சும். மிளகும் சீரகமும் நெய்யும் மணக்கும் சோறு ஒரு பக்கம், புளியும் மல்லியும் வறுத்தரைத்த கொத்சு மறுபக்கம். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் மிதித்து வந்தவனுக்கு இதைவிடச் சிறந்த பரிசு கிடையாது.

இரவுப் பேச்சில் சிதம்பரம் கோயிலே ஒரு காலத்தில் கோட்டையாக இருந்த செய்தி வந்தது. பரங்கிப்பேட்டைப் போருக்கு இரு வாரங்களுக்கு முன், ஐதரின் படையினர் அரண் செய்திருந்த இக்கோயிலைக் கைப்பற்ற முயன்று கூட் தோற்றுத் திரும்பினார். அதற்கும் முன், 1648 இறுதியில், போர்க்காலத்து அச்சத்தால் நடராசப் பெருமானின் திருமேனியே தில்லையை விட்டு வெளியேற நேர்ந்தது. திரும்பி வந்தது 1686இல். இடையில் நாற்பது மாதங்கள் புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள குடுமியான்மலையில் இருந்தது, பின்னர் மதுரையில். இதைக் கேட்டதும் அடுக்களையிலிருந்து ஒரு குரல், "அப்ப எங்க ஊருதான் உங்க சாமியைக் காப்பாத்திக் குடுத்திருக்கு" என்றது. எங்கள் புதுக்கோட்டை நண்பரின் தாயார். மகன் மிதிவண்டியில் ஊர் சுற்றப் போகிறான் என்று கேட்டு, பொங்கலை எங்களோடு கழிக்க வந்திருந்தார். அறுபதைக் கடந்தவர்.

ஓட்டத் தெரியாத தோழியைப் பற்றி அவரிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். "அதுக்கென்ன, நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு எந்திரிம்மா" என்றார் அம்மா.

இரண்டாம் நாள்: ஏரிக்கரையில்

விடியுமுன்பே மேலவீதியில் அம்மாவும் தோழியும் இருந்தனர். தேர் ஓடும் அகன்ற வீதி. அந்நேரத்தில் பால்காரரும் கோலமிடும் பெண்களும் தவிர எவருமில்லை. "கீழ பாக்காதம்மா, தூரத்துல பாரு. எங்க பாக்குறியோ அங்கதான் வண்டி போகும்" என்பது அம்மாவின் முதற்பாடம். தோழி இருமுறை விழுந்தார். நாங்கள் உதவப் போனபோது அம்மா கையை அசைத்து எங்களை விரட்டினார்.

அன்றைய பயணம் காட்டுமன்னார்கோயிலுக்கு. முதற்பராந்தகன் (907–955) காலத்தில் அமைந்து, அவனது வீரநாராயணன் என்ற பெயராலே வழங்கிய ஏரி, இன்றைய வீராணம். 'பொன்னியின் செல்வன்' தொடங்குமிடம் இந்த ஏரிக்கரை என்பது வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்களுள் பலர் வரலாற்றுக்குள் வந்ததே அந்தக் குதிரைக்குப் பின்னால்தான். குதிரைக்கு மாற்றாக மிதிவண்டி. ஆடிப்பெருக்குக்கு மாற்றாகத் தை மாதம். 2004 முதல் இவ்வேரி நீர் குழாய்வழிச் சென்னைக்கும் செல்கிறது. பத்தாம் நூற்றாண்டில் சதுர்வேதிமங்கலத்து வயலுக்கு வெட்டிய ஏரி, இருபத்தொன்றாம் நூற்றாண்டில் தலைநகரின் தாகம் தீர்க்கிறது.

உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் உள்ள இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டை எத்தனை முறை பார்த்தாலும் நெஞ்சு ஒரு கணம் நிற்கத்தான் செய்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் எனச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சுட்டி, அவர்களும் உறவினரும் கொண்டிருந்த நிலங்கள் கைப்பற்றப்பட்டதைக் குறிக்கும் ஆவணம் இது. இதை வைத்து உத்தம சோழன்மீது ஐயம் கொண்டார் நீலகண்ட சாஸ்திரியார். அதை மறுத்தார் சதாசிவ பண்டாரத்தார். எங்கள் குழுவிலும் இரு கட்சிகள் உண்டு. ஏரி மீன் குழம்பு வந்து சேரும்வரை வாதம் ஓயவில்லை. குழம்பு வந்ததும் உத்தம சோழனுக்கு இடைக்கால விடுதலை கிடைத்தது.

ஒன்றை மட்டும் இங்கு குறிக்க விரும்புகிறோம். அக்கல்வெட்டில் குற்றவாளிகளின் உறவினரும் தண்டனைக்கு உள்ளாகின்றனர். அவர்கள் என்ன ஆனார்கள், எந்த வழியே ஊரை விட்டுச் சென்றார்கள் என்பதை எந்தக் கல்லும் சொல்லவில்லை. மன்னர்கள் சென்ற வழியைத்தான் கற்கள் சொல்கின்றன.

புதுக்கோட்டையின் முகாம்

அன்றிரவு திண்ணையில் கரும்பைக் கடித்தபடி அமர்ந்திருந்தபோது, "அம்மா, நீங்கள் எங்கே கற்றீர்கள்?" என்று தோழி கேட்டார். "அறிவொளியில" என்றார் அம்மா. அந்த ஒரு சொல்லுக்குப் பின் எங்களில் எவரும் சோழர்களைப் பற்றிப் பேசவில்லை.

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவுக்காகத் தொடங்கிய இயக்கத்தில் மிதிவண்டியும் ஒரு பாடமாக நுழைந்தது. காரணம் எளியது. மாலையில் ஊர் ஊராகச் சென்று பாடம் நடத்த வேண்டிய பெண் தொண்டர்களுக்குப் பேருந்து இல்லை; அண்ணனோ கணவனோ கொண்டுபோய் விட்டால்தான் உண்டு. அவர்கள் ஓட்டக் கற்றதும், படிக்க வந்த பெண்களும் கற்க விரும்பினர். கற்றவர் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்தார். விடுமுறை நாட்களில் ஊர்ப் பொட்டல்களில் பயிற்சி முகாம்கள் நடந்தன. பெண்கள் நல்ல சேலை கட்டிக்கொண்டு திருவிழாவுக்கு வருவதுபோல வந்தனர். மிதிவண்டி வாங்க வங்கிக் கடன் கிடைக்கவும் ஆட்சியர் ஏற்பாடு செய்தார். பெண்களுக்கான வண்டிகள் தட்டுப்பாடானபோது ஆண்கள் வண்டியையே ஓட்டினர். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அம்மாவும் அவர்களில் ஒருவர். எங்கள் நண்பர் அந்தக் கம்பியில் அமர்ந்து வளர்ந்தவர் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

1992இல் ஆயிரத்து ஐந்நூறு பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் ஊர்வலமாக வந்தபோது ஊரே திகைத்து நின்றது. ஒன்றரை ஆண்டுகளுக்குள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பொதுவிடங்களில் தம் திறமையைக் காட்டினர் என்று எழுதுகிறார் பத்திரிகையாளர் பி. சாய்நாத். அந்தக் கட்டுரை 1996இல் வெளிவந்த அவரது புகழ்பெற்ற நூலில் இடம்பெற்றது. அயலில் இதற்கு ஒப்புமை தேடினால், 1896இல் அமெரிக்காவின் சூசன் பி. அந்தோணி, பெண் விடுதலைக்கு மிதிவண்டி செய்ததுபோல் வேறெதுவும் செய்யவில்லை என்ற கருத்தைச் சொன்னது நினைவுக்கு வரும். அங்கு அது பெரும்பாலும் நகரத்து நடுத்தர வகுப்பின் கதை. இங்கே ஓட்டியவர்கள் வயலிலும் கல்லுடைக்கும் இடத்திலும் உழைத்த பெண்கள்.

"பேச்சு வரலையா?" என்று கேட்டோம். "வராம இருக்குமா? தெருவுல நின்னு சிரிச்சாங்க. பேசுறவன் வந்து தண்ணி தூக்கப் போறானா?" என்றார் அம்மா. தலையில் ஒரு குடம் என்பது வண்டியில் இரண்டு குடமாயிற்று. காய்கறியைப் பேருந்துக்குக் காத்திராமல் நாலு ஊரில் விற்க முடிந்தது. மீதமான நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று தோழி கேட்டார். "சும்மா உக்காந்தேன். அதுக்கு முன்னாடி சும்மா உக்காந்ததே இல்ல" என்றார்.

சிதம்பரத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கும்போது திருநாளைப்போவாரை நினைக்காமல் இருக்க இயலவில்லை. தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று ஏங்கிய நந்தனாரைப் பெரியபுராணம் பாடியது; கோபாலகிருஷ்ண பாரதியார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கீர்த்தனைகளாக்கினார். தொலைவு அவருக்குத் தடையன்று. செல்லலாகாது என்று பிறர் வகுத்த எல்லைதான் தடை. குண்டு கிராமங்களின் எல்லைக்காவது ஓர் ஓசை இருந்தது; இந்த எல்லைக்கு ஓசையே இல்லை. 1916இல் இதே சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கென நந்தனார் பெயரிலேயே பள்ளி தொடங்கியது அந்த எல்லையைத் தாண்டத்தான். புதுக்கோட்டைப் பெண்கள் தாண்டியதும் அதைப் போன்ற ஒன்றை.

மூன்றாம் நாள்: அணையாத அடுப்பு

மூன்றாம் நாள் விடியலில் தோழி தானாகவே வண்டியில் ஏறினார். மேலவீதியிலிருந்து வடக்குவீதிக்குத் திரும்பும் முனையில் சற்றே தடுமாறினார், விழவில்லை. நான்கு வீதிகளையும் சுற்றிவிட்டு மேலவீதிக்குத் திரும்பி வந்தபோது நிறுத்தத் தெரியாமல் எங்களைத் தாண்டிச் சென்றுவிட்டார். நிறுத்துவது எப்படி என்று அம்மா இன்னும் சொல்லித்தந்திருக்கவில்லை.

நாங்கள் சேத்தியாத்தோப்பு வழியாக வடலூரை அடைந்தோம். தோழியும் அம்மாவும் பேருந்தில் வந்து சேர்ந்தனர். வள்ளலார் 1867 மே 23ஆம் நாள் இங்கு தருமச்சாலையைத் தொடங்கினார். தாது வருடப் பெரும்பஞ்சம் தாக்குவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, பசித்தவர் எவராயினும் சாதி சமயம் கேளாது சோறிட வேண்டும் என்று ஏற்றிய அடுப்பு. இன்றுவரை அணையாமல் காக்கப்படுகிறது. வழிநெடுக நாங்கள் உண்டதெல்லாம் காசு கொடுத்தோ நட்பின் உரிமையாலோ பெற்றது. இங்கே வரிசையில் அமர்ந்தோம். யார், எந்த ஊர் என்று எவரும் கேட்கவில்லை. சோறும் குழம்பும்தான். ஆனால் அம்மா மறுசோறு வாங்கிக்கொண்டார். கொத்சுக்குக்கூட அவர் அவ்வாறு செய்யவில்லை.

மூன்று நாளில் ஏறத்தாழ நூற்றைம்பது கிலோமீட்டர் மிதித்திருந்தோம். தஞ்சைப் பயணத்துக்குக் கால்கள் பழகிவிட்டன என்றே நம்புகிறோம். பயணத்திட்டத்தில் ஒரே ஒரு திருத்தம். தஞ்சையிலிருந்து திரும்பாமல், புதுக்கோட்டைவரை சென்று குடுமியான்மலையிலும் ஒரு நாள் தங்குவது என்று முடிவு செய்திருக்கிறோம். அங்குள்ள இசைக் கல்வெட்டைப் பார்ப்பது ஒரு காரணம். அம்மா ஓட்டக் கற்ற பொட்டலைப் பார்ப்பது மற்றொன்று. அதன்மீது இன்று வீடுகள் எழுந்துவிட்டனவாம். இடத்தைக் காட்ட அம்மா இருக்கிறார்.

இம்முறை மிதிவண்டிகள் ஏழு.